அவிழ்ந்த முடிச்சு

சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு ஏறும் மலைப்பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகள் இருக்கின்றன. அவசரக்காரருக்கு அவை எரிச்சல். ஆனால் அந்த வளைவுகள் இல்லாமல் பாதையை நேராகப் போட்டிருந்தால் பாதி வண்டிகள் ஏறியிருக்காது; ஏறியவை இறங்கும்போது நின்றிருக்காது. வேகத்தைக் குறைப்பதற்காகவே வைத்த வளைவுகள்தான் நம்மை மேலே கொண்டுபோய்ச் சேர்க்கின்றன. மேலே போனதும் காட்சி மாறுகிறது. ஏரிக்கரையிலும் பகோடா பாயின்ட்டிலும் மிளகாய் பஜ்ஜி வண்டி, மிளகுப் பொட்டலம், காபித்தூள், தைல பாட்டில், பிளாஸ்டிக் பொம்மை என்று எல்லாக் கடையிலும் க்யூஆர் அட்டை தொங்குகிறது. பணம் வந்து சேர்ந்ததைச் சின்னப் பெட்டி ஒன்று குரல் கொடுத்துச் சொல்கிறது. பாதையில் 20 முறை வேகத்தைக் குறைத்த கை, இங்கே ஒரு வளைவுகூட இல்லாமல் செலவழிக்கிறது. பணம் செலுத்தும் தொழில்நுட்பத்தின் மேல் பழி போடுவது இந்தக் கட்டுரையின் வேலையல்ல. அந்தத் தொழில்நுட்பம் எடுத்துப்போட்ட வளைவுகளை அதை வைத்தே திரும்பக் கட்டிக்கொள்ள முடியும், கட்டிக்கொள்ளத்தான் வேண்டும் என்பதே என் வாதம்.

நம் வீடுகளில் சேமிப்பு ஒருநாளும் வெறும் மன உறுதியை நம்பி இருந்ததில்லை. அது ஏற்பாட்டை நம்பி இருந்தது. பாட்டியின் சுருக்குப் பைக்கு ஒரு கயிறு. முந்தானையில் முடிந்த காசுக்கு ஒரு முடிச்சு. நேர்த்திக்கடனுக்கு மஞ்சள் துணியில் முடிந்து சாமி படத்தின் பின்னால் வைத்த ரூபாயை எந்தக் கஷ்டத்திலும் தொட முடியாதபடி ஒரு பயம். அரிசிப் பானையிலும் அஞ்சறைப் பெட்டியிலும் ஒளிந்திருந்த சிறுவாட்டுப் பணத்துக்கு அதன் மறைவே பூட்டு. சீட்டுப் போட்டவருக்கு மாதத் தேதியும், பணம் கட்டாமல் போனால் நாலு பேர் முன்னால் வரும் தலைகுனிவும் பூட்டு. இவற்றில் எதுவும் அறிவுரை சொல்லவில்லை. ஆசைக்கும் செலவுக்கும் நடுவே ஒரு சிறு வேலையை வைத்தன, அவ்வளவுதான். முடிச்சை அவிழ்க்கும் அந்த நேரத்தில் பாதி ஆசைகள் தாமாகவே அடங்கிப்போயின. 2016 ஏப்ரலில் யுபிஐ அறிமுகமானது. அந்த நவம்பரில் பணமதிப்பிழப்பு வந்தது. பிறகு சில ஆண்டுகளிலேயே முடிச்சு முழுக்க அவிழ்ந்துவிட்டது. 2025 ஆகஸ்டில் நாடு முழுவதும் ஒரே மாதத்தில் 2,000 கோடிக்கும் மேற்பட்ட யுபிஐ பரிவர்த்தனைகள் நடந்தன. இது பெரிய சாதனை என்பதில் சந்தேகமில்லை. அந்த எண்ணிக்கைக்குள் எத்தனை தேவை, எத்தனை சபலம் என்பதைத்தான் யாரும் எண்ணுவதில்லை.

கையில் பணம் தெரியாதபோது அதிகம் செலவழிக்கிறோம் என்பது வெறும் வீட்டுப் பழமொழியல்ல. பிரெலெக், சிமெஸ்டர் என்ற இரு ஆய்வாளர்கள் 2001ல் வெளியிட்ட சோதனை புகழ்பெற்றது. அமெரிக்காவில் மேலாண்மை மாணவர்களிடையே கூடைப்பந்துப் போட்டி நுழைவுச்சீட்டை ஏலம் விட்டார்கள். ஒரு பிரிவினர் ரொக்கமாகத் தர வேண்டும், இன்னொரு பிரிவினர் கிரெடிட் கார்டில் தரலாம். கார்டுக்காரர்கள் கேட்ட சராசரி விலை, ரொக்கக்காரர்களின் விலையைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. ‘அது கடன் அட்டை, யுபிஐயில் பணம் உடனே கணக்கிலிருந்து போய்விடுகிறதே’ என்று கேட்கலாம். கேள்வி நியாயமானது. ஆனால் கணக்கிலிருந்து போவதும் கண்முன்னே பர்ஸ் மெலிவதும் ஒன்றல்ல. ஐந்நூறு ரூபாய்த் தாளை மாற்றும்போது வரும் தயக்கம், திரையில் 500 என்று தட்டும்போது வருவதில்லை. போதாக்குறைக்கு ரூபே கிரெடிட் கார்டையும் 2022 முதல் யுபிஐயோடு இணைத்துக்கொள்ளலாம். ஆக அதே க்யூஆர் அட்டையில் இப்போது கடனும் நடக்கிறது. மிச்சமிருந்த ஒரே வளைவு ரகசிய எண். சிறு தொகைகளுக்கு யுபிஐ லைட் அதையும் எடுத்துவிட்டது. 2025 அக்டோபரில் முகத்தையோ கைரேகையையோ காட்டிச் செலுத்தும் வசதியும் வந்துவிட்டது.

ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலைக்கு இந்தப் பிரச்சினை ஒரு தனி வடிவில் வருகிறது. சேலம் கலெக்டராக இருந்த எம்.டி. காக்பர்ன் 1820களில் இங்கே காபியைக் கொண்டுவந்தார். அன்றிலிருந்து இந்த மலையின் வருமானம் பருவத்தோடு கட்டுண்டது. அராபிகா பழுப்பது ஏறக்குறைய நவம்பர் முதல் ஜனவரி வரை. அதை அடுத்து மிளகு. ஏப்ரல், மே மாதங்களில் கோடைக் கூட்டம், மலர்க் கண்காட்சி. மற்ற மாதங்களில் கை இறுகும். தோட்டக் கூலிக்கும், சிறு நிலம் வைத்திருக்கும் மலையாளி பழங்குடிக் குடும்பத்துக்கும், பஜ்ஜி வண்டிக்காரருக்கும் இது பொது. பருவ வருமானம் மனத்தை என்ன செய்யும் என்பதற்குச் சான்றைத் தேடித் தூரம் போக வேண்டியதில்லை. விழுப்புரம், திருவண்ணாமலைப் பகுதிக் கரும்பு விவசாயிகள் 464 பேரிடம் நடத்திய ஆய்வு 2013ல் ‘சயின்ஸ்’ இதழில் வந்தது. அறுவடைக்கு முன் பணமுடையில் இருந்தபோது அறிவுத்திறன் சோதனைகளில் தடுமாறிய அதே மனிதர்கள், அறுவடைப் பணம் வந்த பிறகு நன்றாகச் செய்தார்கள். பணமுடை வந்த பிறகு சிக்கனத் திட்டம் போடச் சொல்வது, மூச்சு வாங்கும்போது பாடச் சொல்வது போன்றது என்பதே இதில் நாம் படிக்க வேண்டிய பாடம். திட்டம் ஜனவரியில் போடப்பட வேண்டும், ஜூலையில் அல்ல. கையில் பணமும் தலையில் தெளிவும் சேர்ந்திருக்கும் அந்தச் சில வாரங்களில் முடிச்சைப் போட்டுவிட வேண்டும்.

முடிச்சுப் போட்டால் பணம் நிற்குமா? நிற்கிறது. பிலிப்பைன்ஸில் ஒரு கிராமப்புற வங்கி, வாடிக்கையாளர்கள் தாங்களே குறித்த தேதியோ தொகையோ வரும்வரை எடுக்க முடியாத ஒரு கணக்கை அவர்களுக்கு முன்வைத்தது. கூடுதல் வட்டி கிடையாது, பூட்டு மட்டும்தான். அப்படியும் நூற்றுக்கு 28 பேர் அதை விரும்பி எடுத்தார்கள். வாய்ப்புத் தரப்பட்டவர்களின் சேமிப்பு ஓராண்டில், தரப்படாதவர்களுடையதைவிட 80 சதவீதப் புள்ளிகளுக்கும் மேல் கூடுதலாக வளர்ந்திருந்தது. இந்தியாவில் கூலித் தொழிலாளர்களிடம் சோமன், சீமா என்ற ஆய்வாளர்கள் செய்தது இன்னும் எளிமை: கூலியில் ஒரு பகுதியைத் தனி உறையில் போட்டு ஒட்டிக் கொடுத்தார்கள். உறைமேல் பிள்ளைகளின் படம் இருந்தபோது சேமிப்பு கூடியது. நம் ஊர் மகளிர் குழுக்களும் இதற்குச் சாட்சி. 1989ல் தருமபுரியில் தொடங்கி, அடுத்து சேலத்துக்கு வந்த அந்தத் திட்டத்தில் பெண்கள் சிறுகச் சிறுகச் சேர்த்ததற்கு வட்டி மட்டும் காரணமல்ல. குறித்த நாள், குறித்த தொகை, எதிரே உட்கார்ந்திருக்கும் பத்துப் பதினைந்து முகங்கள் என்ற ஏற்பாடும் காரணம்.

இந்த ஏற்பாடுகள் அத்தனையையும் இன்றைய போனுக்குள் அமைக்க முடியும். புதிதாக எதையும் வாங்க வேண்டியதில்லை. யுபிஐ லைட்டையே எடுத்துக்கொள்வோம். ரகசிய எண் கேட்காத அதே வசதி, அதிகபட்சம் 5,000 ரூபாய் மட்டும் வைக்கக்கூடிய தனிப் பை என்பதால் சேமிப்புக்கும் உதவும். திங்கட்கிழமை அதில் 700 ரூபாய் போட்டு, டீ, பஜ்ஜி, ரீசார்ஜ் எல்லாம் அதிலிருந்தே என்று வைத்துக்கொண்டால் அதுதான் இந்தக் காலத்துச் சுருக்குப் பை, தீர்ந்தால் தீர்ந்தது. பணம் குறைந்ததும் தானாக நிரப்பும் ஆட்டோ டாப்-அப்பை மட்டும் அணைத்துவிட வேண்டும். அது பையின் அடியில் உள்ள ஓட்டை. ஏடிஎம், கிரெடிட் கார்டுகளில் ஆன்லைன் வாங்குதலை நிறுத்தவும், பரிவர்த்தனை வரம்பைத் தாமே குறைக்கவும் வாடிக்கையாளருக்கு வசதி தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி உத்தரவிட்டது. 2020 அக்டோபர் முதல் அது நடைமுறையில் இருக்கிறது. பலருக்கு அந்தப் பக்கம் இருப்பதே தெரியாது. 2023 செப்டம்பரில் தொடங்கிய மகளிர் உரிமைத் தொகையில் மாதம் 1,000 ரூபாய் கணக்குக்கு வருகிறது. அது வந்த மறுநாளே 200 ரூபாய் தொடர் வைப்புக்குப் போகும்படி வங்கியில் ஒருமுறை எழுதிக் கொடுத்துவிட்டால், ஐந்து வருடத்தில் 12,000 ரூபாயும் வட்டியும் மிஞ்சும். அந்த முடிவை மாதம் ஒருமுறை எடுத்தால் அறுபது முறை தடுமாற வாய்ப்பு. ஒரே முறை எடுத்தால் ஒரே ஒரு முறைதான்.

தானே போட்ட வரம்பைத் தானே உயர்த்த எத்தனை நேரமாகும், அரை நிமிடம்தானே என்று ஒருவர் கேட்பார். உண்மைதான். இன்றைய ஏற்பாட்டின் பெரிய குறையும் அதுதான். வரம்பைக் குறைப்பதும் கூட்டுவதும் ஒரே வேகத்தில் நடந்தால் அது பூட்டல்ல, தாழ்ப்பாள். இதற்கு வழி ஏற்கெனவே கண்டுபிடிக்கப்பட்டிருக்கிறது. பிரிட்டனின் மான்சோ வங்கி 2018ல் சூதாட்டச் செலவுகளைத் தடுத்துக்கொள்ளும் வசதியைக் கொடுத்தது. தடுப்பது உடனே நடக்கும். தடையை நீக்க வேண்டுமானால் வங்கி ஊழியரிடம் பேசி, 48 மணி நேரம் காத்திருக்க வேண்டும். சபலத்தின் ஆயுள் பெரும்பாலும் அதைவிடக் குறைவு. நம் வங்கிகளும் செயலிகளும் இந்த ஒரு விதியை எடுத்துக்கொள்ளலாம்: குறைத்தால் உடனே, கூட்டினால் இரண்டு நாள் கழித்து. விருப்பப்பட்டவருக்கு மட்டும் தந்தால் போதும். ஆஸ்பத்திரிச் செலவு போன்ற அவசரத்துக்கு வரம்பில்லாத இன்னொரு கணக்கை வைத்துக்கொள்வதை யாரும் தடுக்கப் போவதில்லை.

இதைவிடக் கனமான எதிர்வாதம் ஒன்று உண்டு. ஏழையிடம் இருப்பது சபலமல்ல, பற்றாக்குறை. கூலியை உயர்த்தாமல் வரம்பை உயர்த்து, குறை என்று பேசுவது வசதியானவர்களின் உபதேசம் என்பது அது. கூலி உயர வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்தில்லை. எந்தச் செயலியும் அதற்கு ஈடாகாது. ஆனால் பிலிப்பைன்ஸில் பூட்டை விரும்பி எடுத்த அந்த நூற்றுக்கு 28 பேருக்கு யாரும் உபதேசம் செய்யவில்லை. முடிச்சு தேவை என்பது வசதி குறைந்தவர்களுக்கே அதிகம் தெரியும். சிறுவாட்டைக் கண்டுபிடித்தது எந்தப் பொருளாதாரப் பேராசிரியரும் அல்ல. இங்கே என்னைத் தயங்க வைப்பது வேறொன்று. சிறுவாட்டின் பலம் அது யாருக்கும் தெரியாமல் இருந்ததில். 2016 நவம்பரில் பல வீடுகளில் பெண்கள் மறைத்து வைத்த தாள்கள் கணவர் முன்னால் எண்ணப்பட்டபோது அந்தப் பாதுகாப்பு ஒரே இரவில் போயிற்று. இன்று குறுஞ்செய்தி வீட்டுக்கு ஒன்றாக இருக்கும் போனுக்கு வருகிறது. அந்தப் போன் பெரும்பாலும் ஆணின் சட்டைப் பையில் இருக்கிறது. 2024ல் வந்த யுபிஐ சர்க்கிள் வசதியில் ஒருவர் தன் கணக்கிலிருந்து இன்னொருவர் செலவழிக்க வரம்போடு அனுமதி தரலாம். கல்லூரிக்குப் போகும் பிள்ளைக்கு அது நல்ல கடிவாளம். மனைவிக்கு அதே கடிவாளம் போட்டால் அது கண்காணிப்பு. ஆகவே விதி ஒன்றுதான்: முடிச்சைப் போடுபவரும் அவிழ்ப்பவரும் பணத்துக்கு உரியவராக இருக்க வேண்டும். அடுத்தவர் போடும் முடிச்சுக்குப் பெயர் சேமிப்பு அல்ல.

எல்லாரும் இப்படிக் கையைக் கட்டிக்கொண்டால் ஏரிக்கரைக் கடைக்காரர் என்ன ஆவார் என்பது கடைசிக் கேள்வி. சுற்றுலாப் பயணியின் சபலத்தில்தான் அவர் வீட்டு உலை கொதிக்கிறது என்பது ஓரளவு உண்மை. ஆனால் வாரச் செலவுக்கென்று பை பிரித்து வைத்தவர் பஜ்ஜியை விடுவதில்லை. அதற்குத்தானே அந்தப் பை. அவர் விடுவது, நள்ளிரவில் திரையில் ‘இன்னும் இரண்டே மிச்சம்’ என்று மிரட்டும் பொருளை. அப்படிப் பொய்யாக அவசரம் காட்டுவதை மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023ல் தடை செய்த 13 ஏமாற்று வடிவமைப்புகளில் ஒன்றாகச் சேர்த்திருக்கிறது. குற்றம் வாங்குபவரின் மனத்தில் மட்டுமில்லை என்பதை அரசே ஒப்புக்கொண்டதற்கு இது அடையாளம். அந்தக் கடைக்காரரும் இரவில் போனைத் திறந்தால் வாங்குபவர்தான். மே மாதம் அவர் க்யூஆரில் சேர்வது, மழை மாதங்களில் அவர் குடும்பம் உண்ண வேண்டியது. அந்தப் பணத்துக்கு ஒரு தனிக் கணக்கும், அதிலிருந்து வீட்டுக் கணக்குக்கு வாரம் ஒரு தொகையும் என்ற ஏற்பாடு எந்தப் பயணியையும்விட அவருக்கே அதிகம் உதவும்.

காபிச் செடி நட்டு மூன்று, நான்கு வருடம் கழித்துத்தான் காய்க்கும். காய்த்த பிறகும் எல்லாப் பழமும் ஒன்றாகப் பழுப்பதில்லை. பறிப்பவர் பச்சையை விட்டுவிட்டு, சிவந்ததை மட்டும் எடுத்து, சில வாரம் கழித்து அதே செடிக்குத் திரும்பி வருகிறார். இருநூறு வருடமாக இந்த மலை அந்தப் பொறுமையில் பிழைத்திருக்கிறது. இந்த வருடப் பழப் பணம் கணக்கில் ஏறும் நாளில், செலவுக்கு முன்னால் போனைத் திறந்து மூன்று காரியங்களை முடியுங்கள்: வரம்பைக் குறையுங்கள், ஆட்டோ டாப்-அப்பை அணையுங்கள், ஒரு தொடர் வைப்பைத் தொடங்குங்கள். மொத்தம் பத்து நிமிட வேலை.