முன்னால் ஏற்றிய எடை

கள ஆய்வுக்குச் செல்லும் மாணவர்கள் பலர் இப்பக்கத்தைப் படிக்கிறீர்கள் என்பதால், ஓராண்டாகச் சொல்லத் தயங்கிய ஒன்றை இன்று எழுதுகிறேன். எங்கள் ஆய்வு வண்டியில் என் வற்புறுத்தலால் பொருத்தப்பட்ட எஃகு பம்பரைப் பற்றியது இது. பிழை என்னுடையது, பட்டறைக்காரர் கேட்டதைச் செய்து கொடுத்தார், அவ்வளவே.

என் ஆய்வுக்களம் குஜராத்தின் கட்ச் மாவட்டத்தில், புஜ் நகருக்கு வடக்கே விரியும் பன்னிப் புல்வெளி. பெயரைக் கேட்டுச் சிரிக்கும் தமிழ் நண்பர்களுக்கு நான் பழகிவிட்டேன். அங்கே புல்லைவிட இன்று கண்ணில் அதிகம் படுவது சீமைக்கருவேலம். ரண்ணின் உப்பு பரவாமல் தடுப்பதற்கென்று 1960களில் வனத்துறை நட்ட மரம், மேய்ச்சல் நிலத்தையே விழுங்கியது. அங்குள்ளோர் அதைப் பைத்தியக் கருவேலம் என்ற பொருள்படும் பெயரால் அழைக்கிறார்கள். அது பரவிய இடங்களில் புல்லுக்கு நேர்ந்தது என்ன என்பதே என் ஆய்வு.

முட்புதர்களுக்கிடையே ஓடி ஓடி எங்கள் பிக்கப் வண்டியின் பிளாஸ்டிக் பம்பர் இரண்டு முறை உடைந்தது. இரவில் குறுக்கே பாயும் நீலான்களைப் பற்றிய அச்சமும் இருந்தது. எஃகு பம்பர் ஒன்றும், சேற்றில் சிக்கினால் இழுத்துக்கொள்ள ஒரு வின்ச்சும் இருந்தால் நல்லது என்று நினைத்தேன். படங்களில் அவை கம்பீரமாக இருந்தன என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. சஸ்பென்ஷனை மாற்றப் பணமில்லை. ஆலையிலிருந்து வந்த ஸ்பிரிங்கே தாங்கும் என்று முடிவு செய்தோம்.

வண்டியோட்டும் பெரியவர் அப்பகுதியின் மால்தாரி மேய்ச்சல் குடும்பத்தைச் சேர்ந்தவர். நாங்கள் எல்லோரும் அவரைச் சாச்சா என்றே அழைப்போம். பட்டறையிலிருந்து வெளியே வந்த முதல் திருப்பத்திலேயே அவர் சொன்னார்: “வண்டிக்கு மூக்கு கனத்துவிட்டது, மகளே.” பழகிவிடும் என்று நான் பதில் சொன்னேன்.

அவர் கைகளால் உணர்ந்ததை நான் தாளில் கணக்கிட்டது பின்னால்தான். பம்பர் 58 கிலோ, வின்ச்சும் அதன் தாங்குதகடும் 35 கிலோ. கழற்றிய பழைய பாகங்கள் 8 கிலோ. ஆக, கூடியது 85 கிலோ. ஐந்து பேர் அமரும் வண்டிக்கு ஒருவர் கூடுதலாக ஏறியது போலத்தானே என்று தோன்றும். ஆனால் அந்த ஒருவர் இருக்கையில் அமரவில்லை. முன்னச்சுக்கும் 85 சென்டிமீட்டர் முன்னால் தொங்குகிறார். வண்டி ஒரு நெம்புகோல் ஆகிறது. முன்னச்சு அதன் ஆதாரப்புள்ளி. அச்சுகளுக்கு இடைத்தொலைவு 3.1 மீட்டர். எனவே 85-ஐ 0.85-ஆல் பெருக்கி 3.1-ஆல் வகுத்தால் கிடைக்கும் 23 கிலோ பின்னச்சிலிருந்து தூக்கப்பட்டு முன்னச்சில் சேர்கிறது. சேர்த்தது 85 கிலோ; முன்னச்சு சுமப்பது 108 கிலோ.

ஸ்பிரிங் ஏமாற்றத் தெரியாத கருவி. ஏறிய எடைக்கு ஏற்பத் தாழும். எங்கள் வண்டியின் முன்பகுதி 18 மில்லிமீட்டர் தாழ்ந்திருந்தது. பின்பகுதி 4 மில்லிமீட்டர் உயர்ந்திருந்தது. பம்பரைக் கழற்றுவதற்கு முன்னும் பின்னும் சக்கர மையத்திலிருந்து மட்கார்டின் விளிம்பு வரை நாடாவால் அளந்தபோது கிடைத்த எண்கள் இவை. விரல் பருமன்தான். ஆனால் பள்ளத்தில் இறங்கும்போது சக்கரம் மேலெழும்ப எஞ்சியிருக்கும் இடத்திலிருந்துதான் அந்த விரல் பருமன் கழிகிறது. முன்பு மெல்ல அமுங்கி எழுந்த இடங்களில், இப்போது சஸ்பென்ஷன் தன் எல்லையிலுள்ள ரப்பர்த் தடையில் போய் முட்டியது. பழைய எடைக்காக வடிவமைக்கப்பட்ட ஷாக் அப்சார்பரால் புதிய எடையின் ஆட்டத்தை ஒரே மூச்சில் அடக்க முடியவில்லை. ஒரு மேட்டைத் தாண்டினால் மூக்கு இரண்டு முறை தலையாட்டிய பிறகே ஓய்ந்தது. உயரம் மாறியதால் முன்சக்கரங்களின் சாய்வுக்கோணமும் மாறி, டயர்களின் உள்விளிம்பு தேயத் தொடங்கியது.

வின்ச் பயன்பட்டதா என்று கேட்பீர்கள். ரண்ணின் விளிம்பில் மேலே காய்ந்த உப்புப் பாளம் இருக்கும், அடியில் சேறு. முன்பு தாண்டிய இடத்தில் கனத்த மூக்கோடு சென்ற வண்டி பாளத்தை உடைத்துக்கொண்டு இறங்கியது. வின்ச்சின் வடத்தை இழுத்துக்கொண்டு இறங்கினேன். கண்ணுக்கெட்டிய தூரம் வரை கட்டுவதற்கு ஒரு மரம் இல்லை. மரம் இருக்கும் இடத்தில் நாங்கள் சிக்கியதே இல்லை. சாச்சா ஒன்றும் சொல்லாமல் மண்வெட்டியை எடுத்தார்.

இவை எல்லாம் சிரித்துக் கடந்திருக்கக்கூடியவை. கடக்க முடியாதது ஓர் அக்டோபர் மாதத்து இரவில் நிகழ்ந்தது.

பன்னி எருமைகள் இரவில் மேய்பவை. பகல் வெயிலைத் தவிர்த்து அந்தியில் புறப்பட்டு விடியலில் திரும்பும். 2010-இல் தனி இனமாக அங்கீகரிக்கப்பட்ட அவ்வெருமைகளின் சிறப்புகளில் ஒன்றாக இப்பழக்கத்தைச் சொல்வார்கள். ஆகவே அங்கே மண்பாதையில் இரவில் வண்டியோட்டுவது கறுப்பின் மீது கறுப்பைத் தேடுவது. அன்று நான் ஓட்டினேன்; சாச்சா பக்கத்து இருக்கையில். வேகம் மணிக்கு 50 கிலோமீட்டரை ஒட்டி இருந்தது. முன்னே சென்ற வண்டி கிளப்பிய புழுதி இன்னும் அடங்காததால் விளக்கைத் தாழ்கதிரில் வைத்திருந்தேன். சாச்சா கத்தினார். பிரேக்கை மிதித்தேன். மூக்கு குனிந்து, பின்சக்கரங்கள் பிடிப்பிழந்து, வண்டி சற்றே கோணலாகச் சறுக்கி நின்றது. புழுதி விலகியபோது பம்பருக்கு முன்னால் பத்து வயதுச் சிறுவன் ஒருவன். காணாமற்போன கன்றைத் தேடி வந்தவன். எங்களுக்கிடையே ஒரு சாண் இருந்திருக்கலாம். அவன் தன் கையைப் பம்பரின் மீது வைத்தான். அந்த எஃகின் மேல்விளிம்பு சரியாக அவன் நெஞ்சுக்கு நேராக இருந்தது.

அன்றிரவு தூக்கம் வராமல் கணக்குப் போட்டேன். தாழ்கதிர் ஒவ்வொரு மீட்டருக்கும் ஒரு சென்டிமீட்டர் இறங்குமாறு சரிசெய்யப்பட்டிருந்தது என்று கொள்வோம். விளக்கு 90 சென்டிமீட்டர் உயரத்தில் இருந்தால் கதிரின் மேல்விளிம்பு 90 மீட்டரில் தரையைத் தொடும். முன்னால் 18, பின்னால் 4 என்று 22 மில்லிமீட்டர் சாய்ந்த வண்டியில் ஒவ்வொரு மீட்டருக்கும் மேலும் 0.7 சென்டிமீட்டர் இறக்கம் சேர்கிறது. கதிர் இப்போது சுமார் 51 மீட்டரிலேயே தரையைத் தொட்டுவிடும். 50 கிலோமீட்டர் வேகத்தில், உணர்ந்து மிதிக்க ஒன்றரை நொடி என்றால் 21 மீட்டர். மண்பாதையில் நிற்க மேலும் 25 மீட்டர் அளவுக்கு வேண்டும். மொத்தம் 46. கையிருப்பில் இருந்த 44 மீட்டரை 5 மீட்டராக நான் ஆக்கியிருந்தேன். அதுவும் கண் இமைக்காமல் பார்த்திருந்தால். விளக்கின் திருகைச் சற்றுத் திருப்பிக் கதிரை உயர்த்தியிருக்கலாம். அது எங்கள் யாருக்கும் தோன்றவில்லை, ஏனெனில் பம்பருக்கும் விளக்குக்கும் தொடர்பிருப்பதாகவே நாங்கள் நினைக்கவில்லை.

அந்த ஒரு சாண் இல்லாமற்போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதையும் எழுதத்தான் வேண்டும். நான் ஏளனம் செய்த பிளாஸ்டிக் பம்பர் நெளிவதற்காகவே செய்யப்பட்டது. மோதலின் விசையில் ஒரு பங்கை அது தன் உடலில் வாங்கிக்கொள்ளும். சட்டகத்தோடு நேரடியாக முறுக்கப்பட்ட எஃகு எதையும் வாங்காது. முழுவதையும் எதிரே நிற்பவரிடமே கொடுக்கும். உள்ளே இருப்பவர்க்கும் அது நன்மையன்று. முன்பகுதி நொறுங்க எடுக்கும் நேரத்தை நம்பியே காற்றுப்பைகளின் உணரிகள் அமைக்கப்படுகின்றன. மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் 2017 டிசம்பரில் இத்தகைய காப்புக் கம்பிகள் மீது நடவடிக்கை எடுக்குமாறு மாநிலங்களுக்கு எழுதியது. 1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம், பிரிவு 52-க்கு அவை முரணானவை என்பது அதன் நிலைப்பாடு. பொருத்துவதற்கு முன்பே எனக்கு அது தெரியும். நகரத்தில் பகட்டுக்காக மாட்டுபவர்களுக்கான விதி அது, எங்களைப் போன்றோர்க்கு அன்று என்று நானே விலக்கு அளித்துக்கொண்டேன்.

கனமான ஸ்பிரிங் மாற்றினால் போதுமே என்று நண்பர் ஒருவர் சொன்னார். உயரம் மீளும், விளக்கும் நிமிரும். கூடிய எடை குறையாது, எஃகு இளகாது. வாரம் முடிவதற்குள் பம்பரைக் கழற்றினோம். சாச்சா போல்ட்டுகளைத் திருகிக்கொண்டே, “அந்தப் பையன் என் மச்சான் பேரன்” என்றார். அதுவரை அவர் அதைச் சொல்லவில்லை.

உப்பைத் தடுக்க நட்ட ஒரு மரம் ஒரு புல்வெளி முழுவதன் நடையையும் எப்படி மாற்றியது என்று நான்கு ஆண்டுகளாகச் சதுரம் சதுரமாக அளந்து எழுதிக்கொண்டிருந்தவள் நான். காப்புக்கென்று நான் சேர்த்த ஒன்றை மட்டும் அளக்கவில்லை. இதை என் ஆய்வேட்டில் எழுத இடமில்லை. அதனால் இங்கே எழுதுகிறேன்.

கள வண்டியில் எதையேனும் சேர்க்க விரும்புவோர் முதலில் ஒரு நாடாவை எடுத்து நான்கு சக்கரங்களின் உயரத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். வண்டியை ஓட்டுபவரிடம் கேளுங்கள். அவர் சொல்வதைக் குறிப்பேட்டில் தேதியுடன் எழுதுங்கள். எங்கள் வண்டியில் இப்போது பழைய பிளாஸ்டிக் பம்பரே இருக்கிறது. இடப்பக்க விரிசலைச் சாச்சா கம்பியால் தைத்திருக்கிறார். சென்ற மாதம் முள் கிழித்து மறுபடியும் பிரிந்தது, மறுபடியும் தைத்தார்.