லிட்டருக்கு எவ்வளவு? நொடிக்கு எவ்வளவு?

தாம்பரம் பக்கம் யார் புது வண்டி எடுத்தாலும் முதல் கேள்வி இதுதான்: 'மைலேஜ் எவ்வளவு கொடுக்குது?' கலர், பிக்கப் எல்லாம் அப்புறம். அப்படி வளர்ந்த பையன்கிட்ட போய், 'லிட்டருக்கு 5,385 கிலோமீட்டர்'னு சொன்னா? எனக்குத் தலையே சுத்திடுச்சு, ஃப்ரெண்ட்ஸ்!

ரீல் இல்லைங்க. சுவிட்சர்லாந்தின் ஈ.டி.ஹெச். ஜூரிச் குழு கட்டிய 'பேக்-கார் 2' 2005-ல் செய்த சாதனை. வண்டி ஓடினது ஹைட்ரஜன்ல. செலவான சக்தியை பெட்ரோல் கணக்குக்கு மாத்தினா அந்த எண் வரும். இந்த மாதிரி வண்டிகளுக்கான 'ஷெல் ஈகோ-மாரத்தான்' போட்டி, 2018 டிசம்பர்ல நம்ம இருங்காட்டுக்கோட்டை ரேஸ் டிராக்குக்கே வந்துச்சு. அந்த ஜுரம் எங்க காலேஜுக்கும் தொத்திக்கிச்சு. மெக்கானிக்கல் பசங்க ஆறு பேர் சேர்ந்து ஒரு வண்டி கட்ட ஆரம்பிச்சோம்.

சூட்சுமம் சிம்பிள். எடையைக் குறை. காத்து வழுக்கிட்டுப் போற மாதிரி மீன் உடம்பு கொடு. என்ஜினைக் கொஞ்ச நேரம் ஓட்டி, ஆஃப் பண்ணி, உருள விடு. வேகம் குறைஞ்சா மறுபடி ஸ்டார்ட். பேக்-கார் 2-வோட எடை வெறும் 29 கிலோ! எங்களுக்கும் கிராம் கணக்குல பைத்தியம் பிடிச்சுது. டிரைவர் 50 கிலோவாவது இருக்கணும்னு போட்டி விதி. 51 கிலோவுல ஒரு ஜூனியர் பொண்ணு கிடைச்சா. விடுவோமா?

அடுத்து, மேல் மூடி. தாழ்ப்பாள் வச்சா எடை கூடும், இடுக்குல காத்தும் தடுக்கும். அதனால அவளை உள்ளே படுக்க வச்சு, வெளியிலிருந்து சுத்தி டேப் ஒட்டிட்டோம். என்னோட ஐடியா அது. பெருமையா வேற இருந்துச்சு.

மே மாசம், மத்தியானம். கேம்பஸ் ரோட்டுல டெஸ்ட். வளைவுல முன்சக்கரம் குழியில இறங்கி, வண்டி அப்படியே பக்கவாட்டுல சாய்ஞ்சுது. ஓடினோம். டேப் பிய்க்க வரலை. உள்ளேயிருந்து, 'அண்ணா, எந்தப் பக்கம் தள்ளணும்ணா?'னு குரல். பைக் சாவியால கிழிச்சு அவளை வெளியே எடுக்க ஒண்ணரை நிமிஷம் ஆச்சு. நல்லவேளை, முழங்கைச் சிராய்ப்போட போச்சு. பெட்ரோல் கசிஞ்சிருந்தா?

டிரைவர் பெல்ட்டைக் கழட்டி, யார் உதவியும் இல்லாம பத்து செகண்டுக்குள்ள வெளியே வரணும்னு அதே விதிப் புத்தகத்துல இருக்கு. நாங்க படிச்சிருந்தோம். மைலேஜ் ஆசையில தாண்டிப் போயிட்டோம். அவ திட்டவே இல்லை. 'முதல்ல நீங்க உட்கார்ந்து பாருங்கண்ணா'ன்னு மட்டும் சொன்னா. உட்கார்ந்தேன். மூடியை மூடினதும் அந்தச் சூடும் இருட்டும்... இப்பவும் மறக்கலை.

உள்ளே தாழ்ப்பாள் வச்சோம். எடை கூடுச்சு, கூடட்டும்னு விட்டோம்.

'இதுல ஜி.எஸ்.டி. ரோட்டுல போகலாமா?'ன்னு கேட்பீங்க. வேண்டாம் சாமி! மூடின டிராக்குல, மணிக்கு சுமார் 25 கிலோமீட்டர் வேகத்துக்குப் பொறந்த வண்டி இது. லாரி டிரைவர் கண்ணுக்கு இது தெரியவே தெரியாது. நிஜ ரோட்டுக்குன்னு ஃபோக்ஸ்வாகன் 2013-ல் கொண்டு வந்த 'எக்ஸ்.எல்.1' லிட்டருக்கு சுமார் 111 கிலோமீட்டர்னு சொன்னாங்க. ரெண்டே சீட், அதுக்கே எடை 795 கிலோ. தயாரிப்பும் வெறும் 250 கார்னுதான் திட்டம். கதவு, லைட், மோதினா தாங்குற உடம்பு எல்லாம் சேர்த்தா 29 கிலோவுல நிக்காது பாஸ்!

இன்னொண்ணு. பல்லாவரம் மேம்பால இறக்கத்துல என்ஜினை ஆஃப் பண்ணிட்டு உருண்டு வர்றீங்களே... அது டிராக் வித்தை. கார்ல அப்படிச் செஞ்சா, சில மிதிக்கு அப்புறம் பிரேக் கல்லு மாதிரி இறுகிடும். பைக்ல என்ஜின் பிடிமானம் போயிடும். இன்ஜெக்‌ஷன் வண்டின்னா, கியர்லயே வச்சு ஆக்சிலரேட்டரை விட்டாலே பெட்ரோல் பெரும்பாலும் நின்னுடும். மிச்சம் பிடிக்கணுமா? டயர்ல காத்து சரியா இருக்கான்னு பாருங்க, போதும்.

கடைசி டெஸ்ட் அன்னிக்கு கேட் வாட்ச்மேன் வழக்கம்போல கேட்டார்: 'எவ்வளவு கொடுக்குதும்மா?'

ஜூனியர் ஹெல்மெட்டைக் கழட்டிக்கிட்டே சொன்னா: 'ஒன்பது செகண்டுண்ணே!'