லிப் ஃபோல்டரில் இல்லாத ஜார்

ரொம்ப நாளாச்சு இந்தப் பக்கம் வந்து. ஆணி அதிகம், வேறென்ன. போன மாசம் ஒரு வெள்ளிக்கிழமை நடந்த கூத்தை மட்டும் எழுதி வெச்சுடலாம்னு உட்கார்ந்தேன். பொட்டி தட்டாதவங்க நடுவில் ரெண்டு பத்தியைத் தாண்டிக்கலாம், கோவிச்சுக்க மாட்டேன்.

ஞாயித்துக்கிழமை கும்பகோணத்துல அப்பாவுக்கு முதல் வருஷத் திதி. வெள்ளி ராத்திரி 12 மணிக்கு மேல புனேயில் சென்னை வண்டி. அதை விட்டா திதிக்குப் போய்ச் சேர முடியாது. தங்கமணி புளியோதரை கட்டி, பொண்ணுக்கு ஸ்வெட்டர் எடுத்து வெச்சு, சாயங்காலம் 5 மணிக்கே பெட்டியை வாசல்ல நிறுத்திட்டாங்க. நான் மட்டும் ஆபீஸ்ல. பழைய ஜாவா அப்ளிகேஷன் ஒண்ணைப் புது சர்வருக்கு மாத்தற வேலை. நாசிக் பக்கத்துப் பையன், சேர்ந்து ஆறு மாசம்தான் ஆச்சு, அவன்தான் செய்யறான். நான் பக்கத்துல உட்கார்ந்து தலையாட்டணும். அவ்வளவுதான்னு நினைச்சேன்.

6 மணிக்கு டாம்கேட்டை ஏத்தினான். நோ கிளாஸ் டெஃப் ஃபவுண்ட் எரர். பக்கம் பக்கமா சிவப்பு. பையன் மேல் வரியையே திரும்பத் திரும்பப் படிக்கிறான். கீழே போய்க் கடைசி 'காஸ்டு பை' வரியைப் பாருடான்னேன். 'ஜாவாக்ஸ் சர்வ்லெட்'னு ஆரம்பிக்கிற கிளாஸைக் காணோமாம். புரிஞ்சுபோச்சு. புதுசா இருக்கட்டுமேன்னு டாம்கேட் 10 போட்டிருக்கான். ஆரக்கிள் ஜாவா ஈஈயை எக்லிப்ஸ் ஃபவுண்டேஷன் கிட்ட 2017-ல கைமாத்த முடிவு பண்ணுச்சு. ஆனா ஜாவாக்ஸ்ங்கற பேரை வெச்சுக்கிட்டு மேற்கொண்டு மாத்தம் செய்யற உரிமையைக் கொடுக்கல. அதனால 2020 கடைசியில் வந்த ஜகார்த்தா ஈஈ 9-ல அந்தப் பேரெல்லாம் 'ஜகார்த்தா'ன்னு ஆயிடுச்சு. டாம்கேட் 10-க்கு அந்தப் புதுப் பேர்தான் தெரியும். வீடு மாறலை, இனிஷியல் மாறிடுச்சு. பழைய சர்வ்லெட் ஜாரைக் கொண்டுவந்து லிப்ல போட்டா எரர் போகலாம், ஆனா நம்ம சர்வ்லெட்டை டாம்கேட் சர்வ்லெட்டாவே மதிக்காது. பேசாம டாம்கேட் 9-ஐ இறக்குன்னேன். இறக்கினோம்.

மணி 8. இப்ப வேற எரர். கிளாஸ் நாட் ஃபவுண்ட் எக்செப்ஷன், மைஎஸ்கியூஎல் டிரைவரைக் காணோம்.

ரெண்டும் ஒண்ணு மாதிரி தெரியும், ஒண்ணில்லை. முதல் ரகம், கம்பைல் பண்ணும்போது இருந்தது ஓடும்போது இல்லைன்னு சொல்றது. ரெண்டாவது, பேரைச் சொல்லிக் கூப்பிட்டோம், அந்தப் பேர்ல ஆளே இல்லைன்னு சொல்றது. எங்க கோடுல டிரைவரோட பேர் மேற்கோள் குறிக்குள்ள ஒரு வரியா மட்டும்தான் இருக்கு. அதனால அந்த ஜார் இல்லாமலே கம்பைல் ஆயிடும். மேவன் ஒரு முணுமுணுப்பும் இல்லாம 'பில்ட் சக்சஸ்'னு சொல்லும். வார் ஃபைல் வெறும் ஜிப்தான், திறந்து வெப்-இன்ஃப்குள்ள லிப்பைப் பார்த்தோம். டிரைவர் இல்லை. போம் ஃபைல்லயும் இல்லை. அப்ப இத்தனை வருஷம் பழைய சர்வர்ல எப்படி ஓடிச்சு?

அதுக்குள்ள மேனேஜர் வந்துட்டார். "பையன் ஒரு ஜாரைக் கூட ஒழுங்கா எடுத்து வைக்கல. நீங்க ஊருக்குக் கிளம்புங்க, சனி ஞாயிறு அவன் உட்கார்ந்து சரி பண்ணட்டும்." பையன் வாயைத் திறக்கலை. எனக்கு வயித்துல என்னமோ பண்ணிச்சு. 2019, தீபாவளிக்கு மூணு நாள் முன்னாடி, இதே எரர், இதே மாதிரி ஊருக்குக் கிளம்பற அவசரம். டிரைவர் ஜாரை நேரா சர்வர்ல டாம்கேட்டோட பொது லிப்ல தூக்கிப் போட்டுட்டு வண்டி ஏறினவன் நான்தான். அப்ளிகேஷன் தன் லிப்ல இல்லாததை அங்க போய்த் தேடி எடுத்துக்கும். அதனால ஒருத்தருக்கும் தெரியலை. நானும் மறந்தேபோயிட்டேன்.

உடனே சொல்லிட்டேன்னு பெருமை பேச ஆசைதான். பொய் சொல்லக் கூடாது, ரெண்டு நிமிஷம் சும்மா இருந்தேன். கிளம்புங்கன்னு அவரே சொல்றார், தங்கமணி போன் மூணு தடவை அடிச்சுடுச்சு. பையன் தன் வீட்டுக்கு "இந்த வாரம் வரலை"ன்னு மெசேஜ் அடிக்கறதைப் பார்த்த பிறகுதான் சொன்னேன். மேனேஜர் என்னை ஒரு பார்வை பார்த்தார். "அப்ப நீங்களே முடிச்சுட்டுப் போங்க."

தங்கமணி பொண்ணோட ஸ்டேஷனுக்குக் கிளம்பிட்டாங்க. போம்ல டிரைவரைச் சேர்த்து, ஸ்கோப் ரன்டைம்னு போட்டு, மறுபடி பில்ட். இந்தத் தடவை வாரைத் திறந்து கண்ணால பார்த்துட்டுத்தான் ஏத்தினேன். 10:40-க்கு லாகின் பக்கம் வந்துச்சு. பையன் தன் பைக்ல என்னை ஏத்திக்கிட்டு ஸ்டேஷன்ல விட்டான். வண்டி கிளம்ப ஏழு நிமிஷம் இருந்துச்சு. தங்கமணி ஒண்ணும் சொல்லாம புளியோதரைப் பொட்டலத்தைப் பிரிச்சு நீட்டினாங்க.

திதி நல்லபடியா முடிஞ்சுது. திரும்பி வந்த அன்னிக்குப் பையனோட உட்கார்ந்து பழைய சர்வரோட பொது லிப்பைத் திறந்தேன். டாம்கேட்டோட வராத ஜார் இன்னும் மூணு. மூணும் என் கைங்கர்யம். ஒண்ணு மாசக் கடைசி ரிப்போர்ட்டுக்கு மட்டும் வேண்டியது. அன்னிக்குத் தேதி 28.