பங்குனி வாசல்

பங்குனி 2, ஞாயிறு

இந்த மாதத்தில் வாசலை ஒரு தடவை கூட்டினால் போதாது. விடியலில் கூட்டித் தண்ணீர் தெளித்துக் கோலம் போட்டு நிமிர்வதற்குள், தெருவோரத்துப் புங்கமரம் கோலத்தின் மேல் பூவை உதிர்த்திருக்கும். மாசி முழுக்க இலையாகக் கொட்டியது. கிணற்றடி வேம்பும் அப்படித்தான். பழுத்த இலைகள் இறங்கி முடிவதற்கு முன்பே செம்பு நிறத்தில் கொழுந்து விட்டுவிட்டது. கொழுந்துகளுக்கு நடுவே அரிசிமணி அளவில் மொட்டுக் கொத்துகள் தெரிகின்றன.

வசந்தம் என்றதும் பூத்து நிற்கிற மரம்தான் எல்லோருக்கும் நினைவுக்கு வரும். மரத்தடியில் குடியிருக்கிறவர்களுக்கு அது உதிர்கிற காலம். இலை, பூ, பிஞ்சு என்று ஒவ்வொன்றாகக் கீழே வரும். மதுரைக்குத் தெற்கே, திருப்பரங்குன்றத்து மலை தெரிகிற தூரத்தில் இருக்கும் எங்கள் வீட்டுக்குப் பங்குனியில் வருகிற செல்வமெல்லாம் தரையில்தான் வந்து விழுகிறது. அதனால் இந்த மாதம் முழுக்க ஈர்க்குமாறு என் கையை விட்டுக் கீழே இறங்காது. எனக்கு அது பிடித்தும் இருக்கிறது.

மழை பெய்து இரண்டு மாதத்துக்கு மேல் ஆகிறது. கிணற்றுத் தண்ணீர் இறங்கிக்கொண்டே போகிறது. மண் வெடிக்கத் தொடங்கும் இந்த நேரத்தில்தான் மரங்கள் துளிர்க்கின்றன, பூக்கின்றன. நாம் பார்க்க முடியாத ஆழத்தில் வேர் எதையோ சேமித்து வைத்திருந்து இப்போது எடுத்துச் செலவு செய்கிறது.

பங்குனி 6, வியாழன்

எதிர்வீட்டு அண்ணன் இன்று காலையில் வந்தார். "தங்கச்சி, காரைத் துடைச்சு மாளல. பனி ஈரத்துல பூ ஒட்டிக்கிட்டு நிக்குது. தெருப்பக்கம் வர்ற ரெண்டு கிளையை இறக்கிரலாமா?"

அவர் சொல்வதில் பொய் இல்லை. புங்கம்பூ சின்னது, வெளிர் ஊதாவும் வெள்ளையும் கலந்த நிறம். ஒரு நாளில் கூடை கூடையாகக் கொட்டும். சாக்கடை வாயில் சேர்ந்தால் தண்ணீர் தேங்கும். சங்கப் புலவர்கள் உதிர்ந்த புங்கம்பூவுக்குப் பொரியைத்தான் உவமையாகச் சொன்னார்கள். இரண்டாயிரம் வருடம் கழித்தும் அதைவிடப் பொருத்தமாகச் சொல்ல எனக்கு ஒன்றும் தெரியவில்லை. சிமெண்ட் தரையில் பரவிக் கிடக்கும்போது சிந்திய பொரியேதான்.

"பூ முடியட்டும் அண்ணே, வைகாசியில பாத்துக்கலாம்" என்றேன். முகம் சுருங்கினாலும் சரி என்று போனார். உள்ளே இருந்து கேட்டுக்கொண்டிருந்த அத்தை, "பூத்த மரத்துல அருவா வைக்கக் கூடாது தாயி. அவுகளுக்கு எடுத்துச் சொல்லு" என்றார்.

புங்கு பயறு குடும்பத்து மரம். வேரில் தழைச்சத்தைச் சேர்த்து வைக்கும். நாற்று நடுமுன் புங்கந்தழையை வெட்டி வயலில் மிதிப்பது அத்தை ஊரில் வழக்கமாக இருந்தது. அதே மரத்தின் பூவைக் குப்பை வண்டியில் ஏற்றி அனுப்ப எனக்கு மனம் வருவதில்லை. கூட்டியதை மாமரத்தடிக் குழியில் போட்டு, மேலே ஒரு கூடை மண் தூவி, கழுநீர் ஊற்றி வைக்கிறேன். ஆடிக்குள் கறுப்பு உதிரி மண்ணாகிவிடும்.

தெருவில் புதிதாகக் கட்டுகிற வீடுகளில் காம்பவுண்டு வரைக்கும் டைல்ஸ் ஒட்டிவிடுகிறார்கள். மண் தெரியக் கூடாது என்பதில் ஏன் இவ்வளவு பிடிவாதம்? இலை விழுந்தால் மக்குவதற்கு ஒரு முழம் மண்ணாவது இருந்தால்தான் அது உரம். இல்லாவிட்டால் அது குப்பைதான். பூவின்மேல் குற்றம் இல்லை.

பங்குனி 9, ஞாயிறு

குண்டுமல்லி பிடித்துக்கொண்டது. துணி துவைக்கும் கல்லுக்குப் பக்கத்துச் செடியில் இன்று சாயங்காலம் ஒரு சின்னக் கிண்ணம் நிறைய மொட்டு.

எங்கள் வீட்டில் உதிர விடாத பூ இது ஒன்றுதான். மலர்வதற்குச் சில மணி நேரம் முன்பே, மொட்டு பருத்துப் பால்வெள்ளையாக நிற்கும்போதே பறித்துவிட வேண்டும். சந்தைக்கு அனுப்புகிறவர்கள் சூரியன் எழுமுன் பறிப்பார்கள். வீட்டுக்கு வேண்டியதை நான் நாலு மணிக்குப் பறிக்கிறேன். வாழைநாரைத் தண்ணீரில் ஊறப்போட்டு, அத்தையும் நானும் திண்ணையில் உட்கார்ந்து கட்டி முடிக்கும்போது இருட்டத் தொடங்கும். அப்போதுதான் இதழ் விரிந்து வாசம் வெளியே வரும். அத்தை கட்டினால் கண்ணி நெருக்கமாக விழும். என் சரத்தில் நார் தெரியும்.

இப்போது பூக்கிற மல்லியின் வேலை நவம்பரிலேயே தொடங்கிவிட்டது. அந்த மாதக் கடைசியில் செடியைத் தரையிலிருந்து அரை மீட்டர் உயரம் விட்டு, மேலே உள்ளதையெல்லாம் ஈவிரக்கமில்லாமல் வெட்டினோம். இலைகளையும் உருவிவிட்டோம். மார்கழி முழுக்க அது வெறும் குச்சியாக நின்றது. பார்க்கிறவர்கள் செடி பட்டுப்போய்விட்டதா என்று கேட்டார்கள். தை பிறந்ததும் தொழுவுரம் வைத்து, நிறுத்தி வைத்திருந்த தண்ணீரைத் திரும்ப விட்டோம். மல்லி புதுக்கிளையின் நுனியில்தான் மொட்டு வைக்கும். வெட்டாத செடி உயரமாக வளர்ந்து நிழல் தரும், பூ தராது.

பனியில் மல்லி சுணங்கும். அந்த மாதங்களில் மாட்டுத்தாவணிப் பூச்சந்தையில் வரத்துக் குறைந்து கிலோ ஆயிரங்களைத் தாண்டும். வெயில் ஏற ஏறப் பூ பெருகும், விலை இறங்கும். 2013இல் புவிசார் குறியீடு வாங்கிய மதுரை மல்லிக்கு இந்த ஊரின் வெயிலும் மண்ணும் அந்த அளவுக்கு வேண்டியிருக்கிறது.

குண்டுமல்லி நம் வீடுகளில் விதை வைப்பதில்லை. பதியனாகவோ குச்சியாகவோதான் ஒரு வீட்டிலிருந்து இன்னொரு வீட்டுக்குப் போகும். இந்தச் செடி அத்தை பிறந்த வீட்டிலிருந்து, அவர் கல்யாணமாகி வந்த சில வருடங்களில் வந்தது. அங்கே அந்தத் தாய்ச்செடி இப்போது இல்லை. அந்த இடத்தில் கடை கட்டிவிட்டார்கள். செடி மட்டும் இங்கே தொடர்கிறது.

பங்குனி 14, வெள்ளி

மகளுக்குப் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு இன்று தொடக்கம். நாலரை மணிக்கு எழுப்பச் சொல்லியிருந்தாள். அவளுக்குக் காப்பி கலந்து கொடுத்துவிட்டுக் கொல்லைப்பக்கம் வந்தேன். வெளிச்சம் வருவதற்குள் முருங்கைப்பூ விரிந்துவிட்டது. கருவண்டுகள் வந்து மொய்க்கின்றன. பூவின்மேல் அவை உட்காரும்போது கொத்து முழுக்கத் தாழ்ந்து, போனதும் நிமிர்கிறது. எட்டு மணிக்கு வெளியே வந்து பார்க்கிறவர்களுக்கு இது கிடைக்காது.

பங்குனி 17, திங்கள்

நேற்று ராத்திரி காற்று. விடிந்து பார்த்தால் மாமரத்தடியில் வடு சிதறிக் கிடந்தது.

இந்த மாமரம் தையில் பூத்தபோது இலையே தெரியவில்லை. அத்தனை பூவும் காயாகும் என்று யாரும் நினைக்க வேண்டியதில்லை. ஒரே பூங்கொத்தில் ஆண்பூவும் இருபாற்பூவும் கலந்திருக்கும். பெரும்பகுதி ஆண்பூ. அவை மகரந்தம் தந்துவிட்டு உதிரும். பிடித்த பிஞ்சுகளிலும் மரம் தன்னால் தாங்க முடிந்ததை மட்டும் வைத்துக்கொண்டு மீதியைக் கழித்துவிடும். தத்துப்பூச்சி விழுந்த வருடத்தில் பூவெல்லாம் கருகி, கீழே இலைகளில் பிசுபிசுப்பு ஒட்டும். இந்த வருடம் அந்தத் தொல்லை இல்லை.

காற்றில் விழுந்த வடுவை ஜாடியில் போட அத்தை சம்மதிப்பதில்லை. அடிபட்டது உப்பில் கிடந்தால் மெத்துப்போகுமாம். கூடவே நல்லதையும் கெடுக்குமாம். கீழே கிடந்ததைக் கழுவி நறுக்கி, உப்பும் மிளகாய்ப்பொடியும் பிசறி அன்றைக்கே சாப்பிட்டுவிட வேண்டும். மாவடுவுக்குக் காம்போடு பறித்ததுதான் வேண்டும். அவர் மகனை மரத்தில் ஏறச் சொல்லி, கீழே நின்று, "காம்பு, காம்பு" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். பறித்ததைக் கழுவித் துணியில் உலர்த்தி, விளக்கெண்ணெய் புரட்டி, கல்லுப்பும் கடுகுப்பொடியும் மஞ்சளும் மிளகாய்ப்பொடியும் சேர்த்தாயிற்று. இனி தினமும் ஜாடியைக் குலுக்க வேண்டும். வடு தன் தண்ணீரை விட்டுச் சுருங்கும்.

பங்குனி 20, வியாழன்

வேப்பம்பூ கொட்டத் தொடங்கிவிட்டது. ராத்திரி மரத்தடியில் பழைய வேட்டி இரண்டை விரித்து, மூலைக்கு ஒரு செங்கல் வைத்தேன். காலையில் வேட்டி மேல் வெள்ளையாகப் பரவிக் கிடந்தது. கசக்கிற மரத்தில் இப்படித் தேன்வாசம் எங்கிருந்து வருகிறது என்று மகள் கேட்டாள். ராத்திரி ஜன்னலைத் திறந்தால் படிக்கிற அறை முழுக்க அந்த வாசம்தான். பகலில் கொசுத்தேனீக்கள் கொத்துக் கொத்தாக வந்து போகின்றன.

பூவை எடுப்பதிலும் முறை இருக்கிறது. மரத்திலிருந்து ஒடிக்கக் கூடாது. ஒடித்தால் வேப்பம்பழம் போச்சு. பழம் ஆனி, ஆடியில் பழுக்கும்; குயிலும் மைனாவும் வௌவாலும் அதற்காகக் காத்திருக்கும். வேப்பவிதை சில வாரங்களிலேயே முளைப்புத்திறனை இழந்துவிடும். பழுத்து விழுகிற விதைக்கு மழை பக்கத்தில் இருந்தாக வேண்டும். மழைக்கு முன்னால் பழம் வேண்டுமென்றால் இந்த வெயிலில் பூத்தே ஆக வேண்டும். காய்ந்த மண்ணில் நின்று மரம் ஏன் இவ்வளவு அவசரப்படுகிறது என்பதற்கு இதைவிட நல்ல காரணம் எனக்குத் தெரியவில்லை. வேலை முடிந்து தானாக உதிர்ந்த பூவை நாம் எடுத்துக்கொள்வதில் மரத்துக்கு நட்டமில்லை.

முறத்தில் போட்டுப் புடைத்துத் தூசும் காம்பும் நீக்கி, மொட்டை மாடியில் துணி போட்டுக் காயவைத்தேன். ஒரு முறம் பூ காய்ந்தால் இரண்டு கைக்குள் அடங்கிவிடும். முதல் நாள் வெள்ளை, மறுநாள் மஞ்சள், அப்புறம் பழுப்பு.

பங்குனி 25, செவ்வாய்

வெள்ளிக்கிழமை அறிவியல் தேர்வு. மகள் செம்பருத்தி ஒன்றைப் பறித்து வந்து திண்ணையில் பிளேடால் கீறிக்கொண்டிருந்தாள். புல்லிவட்டம், அல்லிவட்டம், குழாயைச் சுற்றி மகரந்தத்தாள்கள், நடுவில் ஐந்தாகப் பிரிந்த சூலகமுடி. பாடப்புத்தகப் படத்தில் உள்ளது அத்தனையும் கையில் இருந்தது. அடுத்து அடுக்குச் செம்பருத்தியைக் கீறினாள். அதில் தாள்களைத் தேட வேண்டியிருந்தது. அங்கே பெரும்பாலான தாள்கள் இதழாக மாறிவிட்டன. அடுக்குப் பூவின் அழகு அப்படித்தான் வந்தது என்பதை அவளே கண்டுபிடித்துச் சொன்னபோது, இந்தத் தோட்டத்துக்குச் செலவழித்த தண்ணீர் அத்தனையும் தகும் என்று தோன்றியது.

அப்போதே ஒரு தேன்சிட்டு வந்தது. செம்பருத்தியின் முன்பக்கம் போகாமல் அடியில் அலகால் குத்தித் தேனை உறிஞ்சிற்று. மகரந்தம் அதன்மேல் படவே இல்லை. "பூவுக்கு ஒண்ணும் செய்யாம எடுத்துட்டுப் போகுதேம்மா" என்றாள். எலுமிச்சைக் கிளையில் அதன் பெட்டை ஒட்டடையும் நாரும் கொண்டுவந்து தொங்கும் கூடு கட்டிக்கொண்டிருக்கிறது. அந்தப் பக்கம் துணி காயப்போட வேண்டாம் என்று எல்லோருக்கும் சொல்லிவிட்டேன்.

பங்குனி 28, வெள்ளி

உத்திரம். பூக்காரக்கா இன்று முழம் விலையை ஏற்றிவிட்டார். முகூர்த்தமும் திருவிழாவும் சேர்ந்தால் அப்படித்தான். நம் செடியின் மொட்டில் பாதியை அத்தை பால்குடம் எடுக்கிற பக்கத்துத் தெருப் பிள்ளைக்குக் கட்டிக் கொடுத்தார். மகள் தேர்வு எழுதி வந்து, பூவின் பாகங்களைக் கேட்டிருந்தார்கள் என்று சொல்லிவிட்டுச் சாப்பிடாமலே தூங்கிப்போனாள்.

சித்திரை 1, திங்கள்

நூல்களின் கணக்குப்படி இளவேனில் இன்றுதான் தொடங்குகிறது. மாசியும் பங்குனியும் பின்பனி. மா பூத்து முடிந்து, புங்கு கொட்டி ஓய்ந்து, வேம்பு பாதி கடந்தபிறகு வரும் இளவேனில் இது. கொன்றை மட்டும் கணக்கை மதிக்கிறது. தெருமுனைக் கொன்றையில் நேற்று முன்தினம்தான் முதல் மஞ்சள் சரம் தொங்கிற்று.

பச்சடிக்கு நம் மாங்காய், கடை வெல்லம், நம் வேப்பம்பூ. பூவை நெய்யில் கருகாமல், ஆனால் நன்றாகச் சிவக்க வறுத்துக் கடைசியில் சேர்க்க வேண்டும். முன்னாலேயே போட்டால் கசப்பு வெல்லத்தில் இறங்கி எல்லாம் ஒரே சுவையாகிவிடும். தனியாக நறுக்கென்று கடிபட்டால்தான் அது வேப்பம்பூ. எதிர்வீட்டுக்கு ஒரு கிண்ணம் கொடுத்தேன். மதினி வாங்கிக்கொண்டார். அண்ணன் கிளையைப் பற்றி மறுபடியும் நினைவுபடுத்தினார்.

சித்திரை 3, புதன்

நேற்றோடு தேர்வு முடிந்தது. மகள் ஒன்பது மணி வரை தூங்கினாள்.

புங்கமரத்தை இன்று நிதானமாகச் சுற்றிப் பார்த்தேன். தெருப்பக்கம் இறங்கும் கிளைகளில் ஒன்றை எடுத்தாலே அவர் காருக்கு மேல் இடைவெளி கிடைத்துவிடும். இரண்டையும் எடுக்க வேண்டியதில்லை. இன்னொன்றின் நிழலில்தான் இஸ்திரி வண்டிக்காரர் நடுப்பகலில் நிற்கிறார். வைகாசியில் மரம் வெட்டுகிற ஆளை வைத்துக்கொண்டு அண்ணனிடம் இதைக் காட்டிப் பேச வேண்டும். வெட்டுகிற கிளையின் தழை முழுக்க நம் குழிக்கு.

காய்ந்த வேப்பம்பூவைச் சென்னையில் அடுக்குமாடியில் இருக்கும் நாத்தனாருக்கு அனுப்ப வேண்டும். வருடா வருடம் கேட்பார். ரசம் வைத்தால் போனில் சொல்வார். டப்பாவில் போடுமுன் அத்தை ஒரு சிட்டிகை எடுத்து விரலிடுக்கில் நசுக்கிப் பார்த்தார். நொறுங்கவில்லை, வளைந்தது. ஈரத்தோடு மூடினால் பூஞ்சணம் பிடிக்கும். நாளைக்கும் ஒரு வெயில் காட்டிவிட்டு, வெள்ளிக்கிழமை பார்சல் போட்டால் போதும்.