பட்டாவில் ஒரு பெயர், மண்ணில் ஒரு பெயர்

சாத்தூருக்குக் கிழக்கே நமக்கு மூன்று ஏக்கர் கரிசல் நிலம் உண்டு. பாட்டனார் உழுதார், தந்தையாரும் இயன்றவரை உழுதார், நாமோ விருதுநகரில் சிறு கடை வைத்துப் பிழைக்கிறோம். பல ஆண்டுகளாய் அந்நிலத்தை வாரத்துக்குப் பயிரிடுபவர் அவ்வூரைச் சேர்ந்த கைம்பெண் ஒருவர். அக்கா என்றே அழைத்துப் பழகிவிட்டோம். ஐப்பசி மழை விழுந்தால் மக்காச்சோளமோ பருத்தியோ விதைப்பார். கோடையில் கரிசல் வெடித்துக் கிடக்கும் நாள்களில் பட்டாசு ஆலைக்கு வேன் ஏறுவார்.

2019 பிப்ரவரியில் பிரதமரின் கிசான் திட்டம் தொடங்கப்பட்டது. ஆண்டுக்கு 6,000 ரூபாய், மூன்று தவணைகளாக நேரே வங்கிக் கணக்கில் சேரும். நிலம் எவர் பெயரில் உள்ளதோ அவருடைய குடும்பத்துக்கே அது உரியது. பட்டா நம் பெயரில் இருந்தது. 2,000 ரூபாய் நமக்கு வந்தது. மழைக்காக வானத்தைப் பார்த்து நின்றவருக்கு ஒன்றும் வரவில்லை.

2020-இல் இத்திட்டத்தில் தமிழகத்தில் தகுதியற்றோர் பல லட்சம் பேர் சேர்க்கப்பட்டதும், சுமார் 110 கோடி ரூபாய் தவறாகச் சென்றதும் வெளிப்பட்டபோது, நாமும் ஊரோடு சேர்ந்து கொதித்தோம். அது சட்டத்தை மீறியோர் செய்த குற்றம். நமக்கு வந்த தொகையோ சட்டப்படி சரியானது. நெஞ்சில் முள்ளாய் நின்றதும் அதுவே.

அடுத்த தவணையை எடுத்துச் சென்று அக்காவிடம் நீட்டினோம். வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டார். மறுமுறையும் கொடுத்தபோது சற்றே தயங்கிச் சொன்னார்: "குடுக்கிறது உங்க நல்ல மனசு தம்பி. ஆனா மழை பொய்ச்சா, ஆபீசுல போயி நிக்க எனக்குன்னு ஒரு தாளு வேணும்ல?"

அச்சொல் நம்மைப் பழைய நாளுக்கு இழுத்துச் சென்றது. 2017 ஜனவரியில் தமிழகம் முழுவதும் வறட்சி பாதித்ததாக அறிவிக்கப்பட்டு நிவாரணம் வழங்கப்பட்டபோதும், சிட்டாவும் அடங்கலும் நம் பெயரையே சொல்லின. கருகியது அவர் உழைப்பு. ஈடு பெற்றது நம் கை.

வழி இல்லாமல் இல்லை. குத்தகையாளர், வாரதாரர் பெயரைப் பதிவு செய்ய 1969-லேயே தமிழகத்தில் சட்டம் இயற்றப்பட்டது. ஒடிசா அரசு 2018 டிசம்பரில் அறிவித்த காலியா திட்டம் குத்தகை உழவரையும் நிலமற்ற தொழிலாளரையும் கணக்கில் கொண்டது. சட்டம் இருந்தும் பெயர் ஏறாததற்குக் காரணம் நம்மைப் போன்றோரின் அச்சமே. "பெயர் ஏறினால் நிலம் கைவிட்டுப் போகும்" என்று உறவினர் எச்சரித்தனர். நாமும் இரண்டு ஆண்டுகள் வாளாவிருந்தோம். அந்த இரண்டு ஆண்டுகளும் பணம் கொடுத்ததைக் கொண்டு நம்மை நல்லவராக எண்ணிக்கொண்டோம் என்பதை இங்கு ஒப்புக்கொள்கிறோம்.

ஈகை நம் விருப்பத்தைப் பொறுத்தது. நாளை மனம் மாறினால் நின்றுவிடும். உரிமை அப்படியன்று. அக்கா கேட்டது இரண்டாவதை.

கடந்த பங்குனியில் அவரோடு வட்டாட்சியர் அலுவலகம் சென்று விண்ணப்பத்தில் கையொப்பமிட்டோம். கை நடுங்கியது உண்மை. அருகே, மருந்துக் கறை படிந்த விரலால் தம் பெயரை ஒவ்வோர் எழுத்தாக அவர் எழுதி முடிக்கும்வரை காத்திருந்தோம்.

நகரில் வாழ்ந்துகொண்டு ஊரில் நிலம் வைத்திருக்கும் அன்பர்களே, உங்கள் மண்ணில் எவர் பெயர் உள்ளது?