ஒரு கம்பியும் இரண்டு துறைமுக அதிபதிகளும்

கம்பியில்லாத் தொடர்பு என்றவுடன் எங்கள் திருகோணமலைக் கடலோடு உறவு பூண்ட ஒருவர் என் நினைவுக்கு வருவதுண்டு. செய்மதிகள் வாயிலாக உலகெங்கும் செய்தி பரப்பலாம் என்று 1945 ஆம் ஆண்டில் ‘வயர்லெஸ் வேர்ள்ட்’ இதழில் எழுதிய ஆர்தர் சி. கிளார்க்கே அவர். 1956 இல் கோணேசர் மலையடியில் கடலுள் மூழ்கிக் கோயிற் சிதைவுகளைக் கண்டவரும் அவரே. அப்பெரியாரின் கனவு நனவாகிய இக்காலத்தில், நான்கடிக் கம்பியொன்றின் முன் நான் தலைகுனிந்த கதையை இங்கு கூற விழைகின்றேன்.

சென்ற விடுமுறையில் நோர்வேயிலிருந்து மாமி வந்திருந்தார். எங்கள் வீடு சிறிதாகையால் உட்துறைமுக வீதியருகே ஒரு விடுதியில் தங்கினார். அங்கேயே வாழும் சித்தப்பாவுக்கு மறுநாட் காலை இருதய அறுவைச் சிகிச்சை. அதற்கு முன் மகனின் முகத்தைக் காணவேண்டும் என்று அப்பாச்சி ஏங்கினார். பார்வை மங்கிய அவருக்குக் கைத்தொலைபேசியின் சிறு திரை பயன்படுவதில்லை. மாமியிடம் பெரிய திரையுடைய டாப்லெட் இருந்தது. ஆயின் விடுதியின் வைஃபை அவ்வறையை எட்டவில்லை. மேசையடியில் கம்பி இணைப்பு மட்டுமே இருந்தது. டாப்லெட்டிலோ கம்பி பூட்ட இடமில்லை.

மாமி பயணப்பெட்டியிலிருந்து உள்ளங்கையளவான றவுட்டர் ஒன்றை எடுத்தார். “தம்பி, நீ கம்பஸ் பிள்ளைதானே, இதைப் பூட்டித் தா” என்றார். கலைப்பீட மாணவனாகிய எனக்கு அச்சொல் போதையூட்டியது. எவரிடமும் கேளாமல், ஒரே வடிவான இரு துவாரங்களுள் ஒன்றிற் கம்பியைச் செருகினேன். சமிக்ஞை நிறைவாகத் தெரிந்தது, இணையம் வரவில்லை. விடுதிக் கம்பியே பழுது என்று தீர்ப்பளித்தேன். அப்பாச்சி கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துக் காத்திருந்தார். சற்று நேரத்தில், இணையம் அறுந்துவிட்டதென்று பக்கத்து அறையினர் முறையிடும் குரல்கள் கேட்டன.

அப்பொழுதுதான் பெட்டியின் அடியிலிருந்த சிற்றெழுத்துக்களைப் படித்தேன். ஒரு துவாரம் வெளியிலிருந்து வரும் கம்பிக்கு; மற்றையது நம் கருவிகளுக்கு. றவுட்டர் என்பது ஒரு துறைமுக அதிபதி போன்றது. வந்தடையும் ஒவ்வொரு கருவிக்கும் தங்குமிட எண் வழங்கி, வெளியுலகுக்குத் தன் ஒரே முகவரியைக் காட்டி, எல்லோர் செய்திகளையும் பிரித்துக் கொடுக்கும். நான் துவாரம் மாற்றிப் பூட்டியதால், விடுதியின் அதிபதி இருக்கவே எங்கள் பெட்டியும் அடுத்த அறைகளின் கருவிகளுக்கு எண் வழங்கத் தொடங்கிவிட்டது. அதன் சொற்கேட்டு வந்த கப்பல்களுக்குக் கடலுக்குச் செல்லும் வழி கிடைக்கவில்லை!

பேசாமற் கம்பியைக் கழற்றிவிட்டிருந்தால் எவரும் அறிந்திரார். எனினும் வரவேற்பறையில் நின்ற முதியவரின் கலங்கிய முகம் கண்டு உண்மையைக் கூறினேன். அவர் கடிந்துகொள்ளவில்லை. “சொன்னது நல்லது தம்பி. இல்லாட்டி விடியுமட்டும் ஒவ்வொரு பெட்டியாக் கழட்டிப் பாத்திருப்பன்” என்றார். சரியான துவாரத்திற் பூட்டவும், கடவுச்சொல் இடவும், பேசி முடிந்ததும் கழற்றவும் கூறி அனுமதி தந்தார்.

திரையிற் சித்தப்பா தோன்றினார். “மெலிஞ்சு போனாய் ராசா” என்று அப்பாச்சி அத்திரையைத் தடவினார். அக்குரல் காற்றிற் சென்றது அவ்வறையின் சில அடிகள் மட்டுமே. அதன் பின் விடுதியின் பொதுக் கம்பியிலும், கடலடியிற் கிடக்கும் கண்ணாடி இழைகளிலும் அது பயணம் செய்தது. எத்தனையோ பேர் பகிரும் பாதை அது.

அறுவைச் சிகிச்சை நலமே முடிந்தது. ஆயினும் அன்றிரவு பக்கத்து அறையிலும் ஒரு தாய் மகனின் முகத்துக்காகக் காத்திருந்திருக்கக் கூடுமே என்ற எண்ணம் இன்றும் என்னை உறுத்துகின்றது.