‘அன்லெஸ்’ என்ற ஒரு சொல்

கடந்த நவம்பரில் ஒரு வங்கிக் கடிதம் என் அம்மாவை இரண்டு இரவுகள் தூங்கவிடவில்லை. லாலாகுடா ரயில்வே பணிமனையில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்ற அப்பா மறைந்தபின், குடும்ப ஓய்வூதியம்தான் அம்மாவுக்கு வருமானம். கடிதம் ஆங்கிலத்தில் இருந்தது. படித்துச் சொன்னவள் பத்தாம் வகுப்பில் இருக்கும் அக்கா மகள். “டிசம்பர்லேர்ந்து பென்ஷன் நின்னுடும் பாட்டி” என்று சொல்லிவிட்டு டியூஷனுக்குப் போய்விட்டாள்.

வெளியூர் வேலை முடிந்து திரும்பிய நான் கடிதத்தை வாங்கிப் பார்த்தேன். நவம்பர் 30க்குள் உயிர்வாழ் சான்றிதழ் கொடுக்காவிட்டால் ஓய்வூதியம் நிறுத்தப்படும் என்று இருந்தது. மத்திய அரசு ஓய்வூதியம் பெறுவோர் ஆண்டுதோறும் செய்கிற காரியம்தான். வழக்கமாக அப்பாவோ நானோ பார்த்துக்கொள்வதால் அம்மாவுக்கு அது தெரியவில்லை. நடுவில் இருந்த ‘அன்லெஸ்’ என்ற சொல்லை அந்தப் பெண் தாண்டிப் போயிருந்தாள்.

அவள் மக்கு அல்ல. அரையாண்டுத் தேர்வில், பத்தியைப் படித்து விடையளிக்கும் பகுதியில் 20க்கு 17 வாங்கியவள். அந்த 17தான் என்னை யோசிக்க வைத்தது.

ஆண்டுத் தேர்வுக்கு அவளைத் தயார்செய்யும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. பத்தியை எப்படிப் படிக்கிறாய் என்று கேட்டேன். “பத்தியை எதுக்கு சித்தி படிக்கணும்? முதல்ல கேள்வியைப் பாக்கணும். அதுல இருக்குற வார்த்தை பத்தியில எங்கே வருதுன்னு தேடி, அந்த வரியை எழுதணும்” என்றாள். டியூஷனில் சொல்லிக் கொடுத்த வழி.

ஒரு தாளில் இப்படி எழுதிக் காட்டினேன்: ‘கிடுமன் பலோசையில் வடுக்கெனத் தெம்பினான்.’ தமிழ் படிக்கத் தெரியாததால் அவளுக்கு வாசித்தும் காட்டினேன். கிடுமன் எங்கே தெம்பினான்? “பலோசையில்.” எப்படித் தெம்பினான்? “வடுக்கென.” இரண்டும் சரி, முழு மதிப்பெண். கிடுமன் யார், தெம்புவது என்றால் என்ன? சிரித்துவிட்டாள். அந்தச் சொற்களுக்கு அர்த்தமே கிடையாது. அர்த்தமில்லாத வாக்கியத்துக்கே சரியான விடை எழுத முடியும் என்றால், விடை எழுதியதால் புரிந்துகொண்டதாக எப்படிச் சொல்வது?

இதில் மொழியின் குறும்பும் உண்டு. தமிழில் ‘கொடுக்காவிட்டால்’ என்று நிபந்தனை முன்னால் வரும், தீர்ப்பு கடைசியில் வரும். ஆங்கிலம் பல நேரங்களில் தீர்ப்பை முதலில் சொல்லிவிட்டு நிபந்தனையைப் பின்னால் வைக்கும். பாதியில் நிற்பவர் கையில் தீர்ப்பு மட்டுமே மிஞ்சும். அவளைக் குறை சொல்ல எனக்கும் தகுதியில்லை. மொழிபெயர்ப்பு வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஒருவர் வேலையே செய்யவில்லை என்பதை ‘கடுமையாக உழைத்தார்’ என்று எழுதிக் கொடுத்தவள் நான். ‘ஹார்ட்லி’ என்ற சொல் ஏமாற்றிவிட்டது. உதவி ஆசிரியர் ஒருவர் கண்ணில் பட்டதால் பிழைத்தேன்.

லாலாகுடாவுக்குப் பக்கத்திலேயே இந்தப் பிரச்சினையின் வரலாறு இருக்கிறது. 1918இல் தொடங்கிய உஸ்மானியா பல்கலைக்கழகம் உருதுவில் பாடம் நடத்தியது. ஆங்கிலமோ கட்டாயப் பாடம். உருதுவில் பாடநூல்களைக் கொண்டுவர 1917லேயே ஒரு மொழிபெயர்ப்புத் துறையும் அமைக்கப்பட்டது. ஆங்கிலம் கற்பிக்கும் தரத்தை உயர்த்துவதற்காக 1958இல் மத்திய அரசு ஹைதராபாத்தில் தொடங்கிய நிறுவனம், இன்று பல்கலைக்கழகமாக உஸ்மானியாவை ஒட்டியே இருக்கிறது. புரிந்துகொள்ளச் சொந்த மொழி, உலகத்தோடு பேச ஆங்கிலம் என்ற ஏற்பாட்டை ஒரு காலத்தில் இந்த வட்டாரம் சோதித்துப் பார்த்திருக்கிறது. ஆங்கிலத்தை மட்டும் குற்றம் சொல்லியும் பயனில்லை. ‘அசர்’ அமைப்பின் 2024 ஆய்வில், கிராமப்புற ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளில் ஏறத்தாழப் பாதிப் பேரால்தான் இரண்டாம் வகுப்புப் பாடத்தைப் படிக்க முடிந்தது. அதுவும் அவரவர் மாநில மொழியில்.

அடுத்து கட்டுரை. அவளுடைய நோட்டில் கைடிலிருந்து எடுத்த பதினைந்து கட்டுரைகள் இருந்தன. முதலாவது, மலைவாசஸ்தலத்துக்குப் போய்வந்த அனுபவம். அவள் எந்த மலைக்கும் போனதில்லை. “இதை மூடிவை. பென்ஷன் கடிதம் வந்த அன்னைக்கு என்ன நடந்ததுன்னு எனக்குச் சொல்லு” என்றேன். பாதித் தமிழிலும் பாதித் தெலுங்கிலும் சொன்னாள். சொன்னதையே ஆங்கிலத்தில் எழுதச் சொன்னேன். ஒரு மணி நேரம் ஆனது, காலங்கள் எல்லாம் குழம்பிக் கிடந்தன. ஆனால் நடுவில் ஒரு வரி: டியூஷனிலிருந்து திரும்பியபோது பாட்டி அரிசி டின்னுக்குள் வைத்திருந்த பணத்தை எண்ணிக்கொண்டிருந்தாள். எனக்கே தெரியாத செய்தி. அம்மா யாரிடமும் சொல்லவில்லை.

பள்ளி மாதிரித் தேர்வில் ‘மறக்க முடியாத நாள்’ என்ற தலைப்பு வந்தது. அதே கதையைத் திருத்தி எழுதினாள். 10க்கு 6. மலைவாசஸ்தலத்தை ஒப்பித்த தோழிக்கு 9. விடைத்தாளை என் முன்னால் வைத்து, “இப்ப என்ன சொல்றீங்க சித்தி?” என்றாள்.

பதில் சொல்வது எளிதாக இல்லை. மூன்று மதிப்பெண் குறைந்தால் நல்ல ஜூனியர் காலேஜில் இடம் போகலாம். அதைப் புறக்கணிக்கும் துணிச்சல் எனக்கு இல்லை. அதேசமயம் கைடுக்கே திரும்பிப் போ என்று சொல்லவும் மனம் வரவில்லை. கடைசியில் ஒரு சமரசம் செய்துகொண்டோம். சிவப்பு மையில் சுழித்திருந்த 11 இடங்களையும் எடுத்து உட்கார்ந்தோம். ஒன்பது, வினைச்சொல்லின் காலப் பிழைகள். இரண்டு, எழுத்துப் பிழைகள். அரிசி டின் வரியில் சுழி இல்லை. கதையை மாற்ற வேண்டியதில்லை, இலக்கணத்தைத்தான் சரிசெய்ய வேண்டும் என்பது அவளுக்கே தெரிந்தது. தினமும் அரை மணி நேரம் அதற்கு. பத்திப் பயிற்சியில் ஒரே ஒரு விதி: முழுதும் படித்து, என்ன விஷயம் என்று எனக்குத் தமிழில் சொன்ன பிறகுதான் கேள்விகளைப் பார்க்க வேண்டும்.

தேர்வு என்ன ஆகும் என்று என்னால் உறுதி கூற முடியாது. பிப்ரவரியில் வங்கியிலிருந்து இன்னொரு கடிதம் வந்தது. அம்மா என்னிடம் நீட்டவில்லை, பேத்தியிடமே கொடுத்தார். அவள் கடைசி வரி வரைக்கும் படித்தாள். மறுபடி முதலிலிருந்து படித்தாள். பிறகு, “பயப்பட ஒண்ணுமில்ல பாட்டி. கேஒய்சிக்கு ஆதார் நகல் கேக்குறாங்க. கொடுக்காவிட்டால்தான் தொல்லை” என்றாள்.

‘கொடுக்காவிட்டால்தான்’ என்பதை அவள் கொஞ்சம் அழுத்தியே சொன்னாள்.